டேங்க் மூடியில் எழுதியிருந்தது

என் அக்காவுக்கு மறதி என்பதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய பென்சிலை ஒடித்தவளுக்கு இன்று மூன்று பிள்ளைகள். கடைத்தெருவில் எதிரே வந்தால் இப்போதும் அக்கா அவளிடம், "வேற யார் பென்சிலையாவது ஒடிச்சியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். பென்சிலுக்கே இந்தப் பாடு என்றால், அவள் வயிற்றில் அடித்தவனை விட்டுவிடுவாளா? விடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இருவரும் மேம்பாலத்தின் காலடியில் இருக்கும் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறோம். நான் கண்ணாடி அறைக்குள் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். அவள் வெளியே வெயிலில், தலையில் தொப்பி, கையில் துணியுறை, இரண்டு குழாய்களுக்கு நடுவில் நிற்பாள். ஒன்று தொண்ணூற்றொன்று, இன்னொன்று தொண்ணூற்றைந்து. இரண்டும் பெட்ரோல்தான், ஆக்டேன் எண் மட்டும் வேறு. விலையும் வேறு.

தொண்ணூற்றைந்தை ஏதோ சத்து டானிக் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பழைய ஸ்கூட்டரைக் கொண்டுவந்து, "அந்த நல்லதையே ஊத்தும்மா, பாவம் வயசான வண்டி" என்பார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் ஒரே பாடத்தைச் சொல்வாள். "நம்பர் கூடுனா சக்தி கூடும்னு இல்லைங்க. பொறுமைதான் கூடும். எஞ்சினுக்குள்ள போட்டு நசுக்கும்போது தானா பத்திக்காம, பொறி வர்ற வரைக்கும் தாங்கும். உங்க எஞ்சின் அவ்வளவு நசுக்கலைன்னா அந்தப் பொறுமைக்கு நீங்க எதுக்குக் காசு குடுக்கணும்? டேங்க் மூடியில என்ன போட்டிருக்கோ அதை ஊத்துங்க, போதும்." முதலாளி காதில் விழுந்தால் முகம் சுளிப்பார். விலை கூடியதை விற்காமல் இப்படியா வாயாடுவது என்று என்னிடம் குறைப்படுவார். நான் கேட்டுக்கொள்வேன். அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இதெல்லாம் அவள் தெரிந்துகொண்டது ஆசைப்பட்டு இல்லை. கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பாலத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வாடகைக் கார் ஸ்டாண்டில் டிரைவர். அடுத்தவர்களின் வண்டிகளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு, காது கூர்மை. வீட்டில் மின்விசிறி சுற்றினால், மேலே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று படுத்தபடியே சொல்வார். ஏறிப் பார்த்தால் தளர்ந்திருக்கும். சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று இருவரும் பல வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினார்கள். கடைசியில் அக்காவின் கழுத்திலும் காதிலும் இருந்தவையும் சேர்ந்து ஒரு பழைய காராக மாறின.

விற்றவன் தரகன். தரகர் என்று மரியாதை கொடுக்கச் சொன்னால் கொடுப்பேன், ஆனால் நாக்கு ஒத்துழைக்காது. வெள்ளைச் சட்டை, காதோடு ஒட்டிய போன், எங்கே போய் நின்றாலும் இரண்டு முறை ஹாரன். ஆளை ஆளாகக் கூப்பிடும் பழக்கம் அவனுக்கு இல்லை.

ஸ்டாண்ட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் கார் வாங்கினாலும் நாலு பேரை உள்ளே ஏற்றிக்கொண்டு, மூன்றாம் கியரில் மேம்பாலம் ஏற வேண்டும். எஞ்சினில் கோளாறு இருந்தால் அந்த ஏற்றத்தில் அழுதுவிடும். அத்தானும் அப்படித்தான் ஏறினார். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. எல்லோரும் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த டேங்கில் என்ன பெட்ரோல் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது, யாருக்குத்தான் தோன்றும்?

அந்தப் பெட்ரோல் தீர்ந்ததும் அத்தான் மூடியைப் பார்த்தார். தொண்ணூற்றொன்று என்று போட்டிருந்தது. அதையே ஊற்றினார். அன்றைக்கே ஏற்றத்தில் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். அவர் நேராகத் தரகனிடம் போய், எஞ்சின் தட்டுகிறது என்றார். அவன் மூடியைத் திறந்து காட்டி, தொண்ணூற்றொன்றுதான் போட்டிருக்கிறது, அதையே ஊற்று, உன் காதில்தான் கோளாறு என்று அனுப்பிவிட்டான். மாதக் கடைசியில் பாலத்தின் நடு உச்சியில் பிஸ்டன் ஓட்டையாகி வண்டி நின்றது.

வண்டி போனதைக்கூடத் தாங்கியிருப்போம். அவன் அதோடு விடவில்லை. ஸ்டாண்டில் போய் நின்று, "மட்டமான பெட்ரோலை ஊத்தி, தப்பான கியர்ல இழுத்து, நல்ல எஞ்சினைத் தின்னுட்டான்" என்று சொன்னான். அதைக் கேட்டு ஸ்டாண்டின் தலைவர் சிரித்துக்கொண்டே அத்தானுக்கு 'எஞ்சின்தின்னி' என்று பெயர் வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதன்பிறகு ஒருவரும் அவரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. நாங்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் புருஷனுக்குப் பெண்டாட்டியும் மச்சினியும் சொல்லும் சாட்சி எந்தச் சபையில் ஏறும்?

அத்தான் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை கேட்டைத் திறப்பது, மூடுவது. அடுத்தவர்கள் ஓட்டி வரும் லாரிகளுக்குக் கையைக் காட்டி வழிவிடுவது. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். அதைப் பார்த்த அன்றுதான் அக்கா என்னிடம் வந்து, உன் பங்கில் எனக்கு ஒரு வேலை வாங்கிக்கொடு என்றாள்.

வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குமே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தரகன் ஒரு பழைய காரோடு வந்தான். இரண்டு ஹாரன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், "தொண்ணூத்தஞ்சு, பத்து லிட்டர்" என்றான். அக்காவைப் பார்க்கவே இல்லை. தொப்பிக்குக் கீழே முகம் ஒன்று இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அக்கா மூடியைத் திறந்தாள். உள்ளே தொண்ணூற்றொன்று என்று இருந்தது. இவன் ஏன் தண்டமாகக் கூடுதல் விலை கொடுக்கிறான் என்று யோசித்தபடியே ஊற்றினாள். இன்னொரு காருக்கும் அப்படியே செய்தான். அடுத்ததற்கும் அப்படியே.

பிறகு ஒருநாள், அந்தக் கார்களில் ஒன்றை ஒரு தையற்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வாங்கினேன் என்றார் பெருமையாக. மூடியைப் பார்த்துத் தொண்ணூற்றொன்று கேட்டார். ஊற்றிக்கொண்டு போய், எங்கள் வாசலைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பா, ஆணி. அக்கா பெட்ரோல் ஊற்றும் நாசிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு என் அறைக்குள் வந்து ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "அவர் காதுல கோளாறு இல்லடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

விஷயம் இவ்வளவுதான். பல வருஷம் ஓடிய எஞ்சினுக்குள் கரி படியும். கரி படிந்தால் உள்ளே இடம் குறைந்து நசுக்கு கூடும், சூடும் கூடும். மூடியில் எழுதிய பெட்ரோல் அப்போது தாங்காது, முந்திப் பற்றிக்கொண்டு தட்டும். நியாயமாக எஞ்சினின் மேல்பாகத்தை, அதாவது ஹெட்டை, கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். இவன் அதைச் செய்யாமல் பொறுமைக்காரப் பெட்ரோலை ஊற்றி, விற்கிற வரைக்கும் வாயைக் கட்டிவிடுகிறான். வாங்கியவன் மூடியைப் பார்த்து ஊற்றும்போது வாய் திறக்கிறது. அதற்குள் பழியெல்லாம் காரை வாங்கியவன் தலையில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடுத்த முறை அவன் டேங்கில் ஒரு கிலோ சர்க்கரையைக் கொட்டிவிடலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் சர்க்கரையே கசந்துபோயிருக்கும். "அவனோட எஞ்சின் போய் எனக்கு என்னடி ஆகணும்? எங்க வீட்டுக்காரர் பேரை அவன் வாயால கெடுத்தான். அதே வாயால, அதே ஆளுங்க முன்னாடி அவனே சொல்லணும்" என்றாள். பதறாத காரியம் சிதறாது என்பது அவள் கட்சி. பெட்ரோலுக்குச் சொன்னேனே பொறுமை, அது அக்காவிடம் தொண்ணூற்றைந்துக்கும் மேலே இருந்தது. நான் தொண்ணூற்றொன்றுகூடத் தேறமாட்டேன்.

அதற்காக அவள் மற்றவர்களைச் சாகவிடவில்லை. அவன் விற்ற கார்கள் பங்குக்கு வரும்போதெல்லாம் வாங்கியவர்களைத் தனியே கூப்பிட்டு, பிஸ்டன் போவதற்குள் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிடுங்கள், அதுவரைக்கும் தொண்ணூற்றைந்து ஊற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். தையற்காரரின் கார் இன்றும் நன்றாக ஓடுகிறது. தரகன் மட்டும் வந்துகொண்டே இருந்தான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். காலப்போக்கில் அவன் எண்ணைச் சொல்வதையும் விட்டுவிட்டான். ஹாரன் அடிப்பான், விரலை ஆட்டுவான். எதை ஊற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

எங்கள் பங்கில் ஒரு விதி இருக்கிறது. எந்தப் பெட்ரோல் என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மூடியில் எழுதியிருப்பதை ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன் எண்ணை உரக்கச் சொல்லி, மீட்டரில் ஜீரோவைக் காட்ட வேண்டும். வீண் சண்டையைத் தவிர்க்க முதலாளி போட்ட விதி. தரகன் விஷயத்தில் மட்டும் அக்கா அதைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தாள். விரலை ஆட்டினால் தொண்ணூற்றைந்து.

ஸ்டாண்டின் தலைவர் தனக்கு ஒரு கார் பார்க்கிறார் என்று பெட்ரோல் போட வந்த ஒரு டிரைவர் சொன்னபோது, அக்கா அவருடைய முன்கண்ணாடியைத் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் மூலமாக என்று கேட்டாள். வேறு யார், நம்ம வெள்ளைச் சட்டைதான் என்றார் அவர். இன்று சாயங்காலம் பாலம் ஏறிப் பார்க்கிறார்களாம்.

மதியம் தரகன் வந்தான். நீல நிறக் கார், நன்றாக மெருகேற்றியிருந்தான். இரண்டு ஹாரன். போனில் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தான். விரலை ஆட்டினான்.

அக்கா அசையவில்லை. "எந்தப் பெட்ரோல்ங்க? தொண்ணூத்தொண்ணா, தொண்ணூத்தஞ்சா?"

அவன் மறுபடி விரலை ஆட்டிவிட்டுப் போனில் சிரித்தான்.

"எந்தப் பெட்ரோல்னு சொல்லுங்க."

அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடி அறைக்குள் நான் கல்லாவை மூடிவிட்டு எழுந்து நின்றேன். அக்கா மூடியைத் திறந்தாள், படித்தாள், தொண்ணூற்றொன்றின் நாசிலை எடுத்தாள். "தொண்ணூத்தொண்ணு. ஜீரோ பாத்துக்கோங்க" என்று, பக்கத்துக் குழாயில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள். அவன் பார்க்காமலே தலையை ஆட்டினான். டேங்க் கிட்டத்தட்டக் காலியாகத்தான் இருந்தது, அவன் எப்போதும் அப்படித்தான் கொண்டுவருவான். பத்து லிட்டர் போனது. அக்கா மூடியைத் திருகி மூடியபோது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பென்சில்காரியிடம் சிரிக்கும் அதே சிரிப்பு.

சாயங்காலம் நீலக் கார் ஸ்டாண்டிலிருந்து கிளம்பியது. தலைவர் ஓட்டினார், தரகன் பக்கத்தில், பின்னால் மூன்று டிரைவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. பாலத்தில் ஏறியது. ஏற்றத்தின் பாதிக்கு வருவதற்குள் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எங்கள் பங்கு வரைக்கும் கேட்டது. வாழ்க்கையில் எந்த நாதஸ்வரமும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

கார் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. தரகன்தான் முதலில் இறங்கினான். முகம் சிவந்திருந்தது. பின்னால் இறங்கியவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கத்தினான்.

"யாரு இதுல பெட்ரோல் போட்டது? தொண்ணூத்தஞ்சு போடற வண்டியில தொண்ணூத்தொண்ணு போட்டு வச்சிருக்கீங்க. இந்த எஞ்சினுக்குத் தொண்ணூத்தொண்ணு ஊத்துனா தட்டாம என்ன செய்யும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வேண்டும். இவனுக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் போதுமாயிருந்தது.

அக்கா நேராகக் காரின் பக்கம் போனாள். காரின் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, தலைவரைக் கூப்பிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். தொண்ணூற்றொன்று. நிமிர்ந்து தரகனைப் பார்த்தார். கம்பெனிக்காரனே இதை ஊற்று என்று எழுதியிருக்கும்போது இதை ஊற்றினால் ஏன் தட்டுகிறது என்று கேட்டார்.

தரகன் குரலை இறக்கினான். பழைய வண்டி, உள்ளே கொஞ்சம் கரி இருக்கும், தொண்ணூற்றைந்து ஊற்றினால் தெரியாது, தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்று குழைந்தான். பின்னால் நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அக்கா தொப்பியைக் கழற்றினாள். எங்கள் பங்கில் அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். கார் வாங்கிய அன்று அவன் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்தவள் அவள்தான். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"எங்க வண்டியிலயும் தொண்ணூத்தஞ்சைத்தானே ஊத்திக் குடுத்தீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "தட்டுதுன்னு அவர் வந்து சொன்னப்போ, மூடியைத் திறந்து காட்டி, தொண்ணூத்தொண்ணையே ஊத்து, உன் காதுலதான் கோளாறுன்னு அனுப்பினீங்களா இல்லையா?"

அவன் போனை எடுத்தான். யாரும் கூப்பிடவில்லை. திரும்பப் பையில் போட்டான்.

"கேக்கிறாங்கல்ல, சொல்லுய்யா" என்றார் தலைவர்.

"சொன்னேன்" என்றான் தரகன்.

"அப்போ எஞ்சினைத் தின்னது யாரு?" அக்கா விடவில்லை.

"அந்த வண்டி முதல்லயே அப்படித்தான் இருந்துச்சு. அவர் மேல தப்பு இல்ல."

எனக்கு அவன் கார்ச் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய வேண்டும் போலிருந்தது. இதற்குத்தானே ஒரு மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? அவன் தொண்டையைச் செருமி, இப்போ என்ன வேணும், ஏதாவது பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றான். அக்கா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் வேணாம். பின்னால வண்டிங்க நிக்குது, எடுங்க" என்றாள்.

அன்று வீட்டில் அக்கா சொல்லச் சொல்ல அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், அவனே சொன்னானா என்று கேட்டார். அவனேதான் என்றாள். அந்த மூன்று பேரும் பக்கத்திலேயே நின்றார்களா என்று கேட்டார். நின்றார்கள் என்றாள். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல் என்றார். அவள் சொன்னாள். இடையில் பாலத்தில் தட்டிய சத்தம் எப்படி இருந்தது என்று அவர் கேட்க, நான் தகர டப்பாவை எடுத்து ஆணியைப் போட்டுக் குலுக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்து, "அது ஏன் இப்படி அடிச்சிக்குது? திருப்புளியை எடு" என்றார்.

தலைவர் அந்த நீலக் காரை விடவில்லை. தரகன் செலவிலேயே ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வைத்து, விலையையும் அடித்துப் பேசி வாங்கினார். பிறகு ஒரு நாள் கிடங்கு கேட்டுக்கே வந்து அத்தானிடம் சாவியை நீட்டி, ஓட்டுகிறாயா என்று கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவரிடம் எனக்கு இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் அவர்தானே. அக்கா அத்தானுக்காக விட்டுவிட்டாள், நான் விடவில்லை.

போன வாரம் அத்தான் அந்தக் காரை எங்கள் பங்குக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அக்கா யாரோ வாடிக்கையாளரைக் கேட்பதுபோல, "எந்தப் பெட்ரோல்ங்க?" என்று கேட்டாள். அவரும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "தொண்ணூத்தொண்ணு" என்றார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே தரகன். மற்ற பங்குகளெல்லாம் ஊருக்கு வெளியே, அவன் டேங்க்கோ எப்போதும் காலி.

அக்காவும் பார்த்துவிட்டாள். ஜீரோவைக் காட்டினாள். நாசிலை மெல்லப் பிடித்து, சொட்டுச் சொட்டாகப் போவதுபோல ஊற்றினாள். முடிந்ததும் மூடியை இரண்டு தடவை சரிபார்த்தாள். முன்கண்ணாடியைத் துடைத்தாள். பின்கண்ணாடியைத் துடைத்தாள். விளக்குகளைத் துடைத்தாள். துணியை அலசிப் பிழிந்து, பக்கக் கண்ணாடிகளை மறுபடி துடைத்தாள். அத்தான் ஸ்டியரிங்கில் கை வைத்து, எங்கேயும் போக அவசரமில்லாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

தரகன் கடைசிவரை ஹாரன் அடிக்கவில்லை.